ஓரத்து ஸ்டூல்

எங்கள் ஃபோரத்தில் பதினோராயிரத்துச் சொச்சம் அக்கவுண்ட் இருந்தது. ஆளாக எண்ணினால் நாலாயிரம் பேர் தேறினாலே அதிகம். மிச்சமெல்லாம் பாஸ்வேர்டை மறந்தவர்கள் பெற்றுப்போட்ட பிள்ளைகள். ‘கிட்னி67’ என்று ஒருவர் வருவார். மூன்று மாதத்தில் பாஸ்வேர்டு மறந்துபோகும். ‘மறந்துவிட்டீர்களா?’ என்று கொட்டை எழுத்தில் ஒரு பட்டன் வைத்திருக்கிறேன், அதன் பக்கம் திரும்ப மாட்டார். ‘கிட்னி67புதிது’ என்று இன்னொன்றைத் திறப்பார். அதையும் மறந்துவிட்டு ‘கிட்னி67ஒரிஜினல்’ என்று வந்து நிற்பார். நோயாளிகளைத் திட்டக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் ஆறு வருஷம் ஃபோரம் நடத்தியவர்கள் இல்லை.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குமான ஃபோரம் அது. என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட வருஷம் ஆரம்பித்தேன். பகலில் டயர்களை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் கம்ப்யூட்டர்களையும் பிரிண்டர்களையும் கட்டி மேய்க்கிற வேலை எனக்கு. மத்தியானச் சாப்பாட்டு நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் ஃபோரத்துக்கு.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். பதினெட்டு மாடிக் குழிக்குள் கயிற்றில் தொங்கி வேலை பார்த்தவனுக்கு இப்போது வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், கையில் இரண்டு ஊசியோடு படுக்கை. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், ஒரு தடவைக்கு அரை டம்ளர். அதையே ஃபோரத்தில் தன் பெயராக வைத்துக்கொண்டான். புதிதாக யாராவது நடுங்கிக்கொண்டே எழுதினால் பத்து நிமிஷத்தில் அரை டம்ளரிடமிருந்து பதில் போய்விடும். ‘முதல் மாசம் அழுகை வரும். ரெண்டாம் மாசம் டாக்டர் மேல கோவம் வரும். மூணாம் மாசம் பக்கத்து பெட்காரன் குறட்டை மேல கோவம் வரும். அப்ப நீ தேறிட்டேன்னு அர்த்தம்.’ அதைப் படித்துவிட்டு ஊசிக்குக் கை நீட்டியவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். வீட்டில் அவன் வேறு மாதிரி. சட்டை எங்கே, மாத்திரை எங்கே, ஃபேனை யார் நிறுத்தினது என்று நாள் முழுக்க அண்ணியைக் கூப்பிட்டபடி இருப்பான்.

ஃபோரத்தில் ஒரு பூட்டிய அறை உண்டு. பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மட்டும். மனைவி, கணவன், மகள், மருமகன் என்று கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அதற்குள் பேசிக்கொள்வார்கள். நோயாளி அக்கவுண்டுக்கு அந்த அறையின் கதவே தெரியாது. வாசலில் நான் என் கையால் எழுதி வைத்திருந்தேன்: ‘இங்கே எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நீங்கள் யாரைப் பற்றிச் சொல்கிறீர்களோ அவர் கண்ணில் இது படாது. அதற்கு நான் பொறுப்பு.’ பெரிய மனுஷன் மாதிரி எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

இனி ஹோஸ்டிங்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சைட்டைத் தன் சர்வரில் வைத்து ஓட்டித் தருகிறவன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது நேரம் ஓடும் என்று விளம்பரம் செய்திருந்தான். எங்கள் அதிர்ஷ்டம், அந்த மிச்சப் புள்ளி ஒன்று வாரத்தில் மூன்று முறை வந்தது. சாயங்காலம் ஆறு மணி, எல்லோரும் டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பியிருக்கிற நேரம், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிகிறது, என்ன செய்ய என்று யாராவது பதறிக்கொண்டு வருகிற நேரம் பார்த்து சைட் படுத்துவிடும். நான் போன் செய்தால், பார்த்துக்கொண்டிருக்கிறோம் சார் என்பான். எதைத்தான் பார்ப்பானோ. கடைசியில் பழியை என் தலையிலேயே போட்டான். உங்கள் சைட்டில் அக்கவுண்ட் கூடிப்போச்சு, எங்கள் சர்வர் தாங்கவில்லை, ஒரு வாரத்தில் குறைக்காவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று மெயில் அனுப்பினான்.

சரி, குறைப்போம் என்று உட்கார்ந்தேன். ஒருவருக்கு ஒரு அக்கவுண்ட். ஒரே ஆளின் இரண்டு மூன்று அக்கவுண்டுகளைக் கண்டுபிடித்து, புதியதைப் பழையதோடு சேர்த்துவிடுவது. எழுதியதெல்லாம் பழைய பெயருக்கு வந்துவிடும். திறக்கக்கூடிய அறைகளும் அப்படியே சேர்ந்துகொள்ளும்.

ஒரே ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே வீட்டு இணைப்பு, ஒரே கம்ப்யூட்டர் என்றால் போதாது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் உறுப்பினராக இருக்கிற வீடுகள் உண்டு, அது எனக்குத் தெரியாதா? அதனால் கூடுதலாக ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால், வருஷக்கணக்கில் பார்க்கும்போது, ஒரு தடவையாவது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள். ஒருவர் போன் வழியாக, ஒருவர் லேப்டாப் வழியாக. அல்லது ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் பதிலாவது போட்டிருப்பார். ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் வந்ததே இல்லை, ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை என்றால் அது ஒரே ஆள்தான். இந்த யோசனை வந்தபோது என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். கிட்டங்கியில் பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிப் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன்.

ஒருவருக்கொருவர் ஒளிந்து வாழ்கிற இரண்டு பேரும் அப்படித்தான் தெரிவார்கள் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை.

பட்டியலில் இருநூற்றுப் பதினாலு ஜோடிகள் வந்தன. புதியது மேலே, பழையது கீழே. முதல் முப்பது வரியைப் பார்த்தேன். கிட்னி67 குடும்பம் மொத்தமும் இருந்தது. எல்லாம் சரி என்று தோன்றிவிட்டது. ஃபோரத்தில் முதல் அக்கவுண்ட் என்னுடையது, இரண்டாவது அண்ணனுடையது. ஆக அவன் பெயர் பட்டியலின் கடைசி வரியில் இருந்தது. அதுவரை இறங்கிப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை, சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது. முழு பேக்கப் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த அளவுக்குக் கெட்டிக்காரன். செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்குப் பட்டனை அழுத்திவிட்டு, ஒரு பிரிண்டர் காகிதத்தை மென்றுகொண்டிருக்கிறது என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நர்சம்மா போன் செய்தார். ஓய்வு பெற்ற நர்ஸ். பூட்டிய அறையைக் கவனித்துக்கொள்வது அவர்தான்.

“அட்மின் தம்பி, நம்ம ரூமுக்குள்ள பேஷன்ட் எப்படி வந்தார்?”

“யாரும்மா?”

“உங்க அரை டம்ளர்தான். உள்ள இருக்கார்னு காட்டுச்சு. அதுகூடப் பரவால்ல. ஓரத்து ஸ்டூல்னு ஒரு பொண்ணு எழுதுமே, அது எழுதினது எல்லாம் இப்ப இவர் பேர்ல இருக்கு. மூணு வருஷமா அந்தப் பொண்ணு கொட்டினது தம்பி.”

ஏதோ குளறுபடி, சரி பண்ணிவிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். யார் எப்போது உள்ளே வந்தார் என்று காட்டுகிற பதிவேட்டைத் திறந்தேன். அரை டம்ளரும் ஓரத்து ஸ்டூலும் ஒரே வீட்டு இணைப்பு, ஒரே லேப்டாப். அந்த லேப்டாப்பை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஸ்டூல் வந்த நேரங்களைப் பார்த்தேன். திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் மூன்று முதல் ஐந்து. டயாலிசிஸ் முடிந்து வந்து அண்ணன் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிற நேரம்.

அண்ணி.

படித்திருக்கக் கூடாது. படித்தேன். யாருடைய பதிவுகளை உடைத்தேன் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

‘அவருக்குத் தண்ணி அளந்து குடுக்கறதால அவர் முன்னாடி நான் குடிக்கறதில்ல. பாத்ரூம்ல போய் நின்னு குடிக்கிறேன், திருடி மாதிரி.’

‘அவரோட தம்பி வாரம் ஒரு தடவை வர்றார். ஃபோரம் எப்படி ஓடுதுன்னு அண்ணனும் தம்பியும் மணிக்கணக்கா பேசுவாங்க. நான் எப்படி ஓடிக்கிட்டிருக்கேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. டீ மட்டும் கேட்பாங்க.’

‘இன்னைக்கு ஊசி எடுத்த இடத்துல ரத்தம் நிக்கல. நர்ஸ் வேற பெட்டுக்குப் போயிட்டாங்க. நான்தான் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், இருபது நிமிஷம். நடுவுல ஒரு நிமிஷம், கையை எடுத்தா என்னன்னு தோணுச்சு. எடுக்கல. தோணுச்சு, அவ்வளவுதான். யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தது, சொல்லிட்டேன்.’

அதற்குக் கீழே பதினாறு பேர் பதில் போட்டிருந்தார்கள். எனக்கும் தோணியிருக்கு, எனக்கும் தோணியிருக்கு என்று. எல்லாவற்றுக்கும் மேலே, எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அரை டம்ளர்.

அண்ணன் ஒன்று பத்துக்கு உள்ளே வந்திருக்கிறான். தன் பதிவுகளின் எண்ணிக்கையில் நூற்றெண்பத்தேழு கூடியிருப்பதைப் பார்த்திருப்பான். பழையதிலிருந்து வரிசையாகத் திறந்திருக்கிறான். ஒன்றைக்கூட விடவில்லை. நாலு நாற்பதுக்குத்தான் வெளியே போயிருக்கிறான். மூன்றரை மணி நேரம். ரத்தப் பதிவை மட்டும் ஐந்து தடவை.

வாரத்தில் மூன்று முறை தவறாமல் படுத்துக்கொள்கிற அந்தப் பாழாய்ப்போன சர்வர், அந்த மூன்றரை மணி நேரமும் இமைக்காமல் ஓடியிருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன மாதிரியே. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை படுத்துத் தொலைந்திருக்கலாம். ஹோஸ்டிங்காரனை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன், அன்றைக்குத் திட்டின மாதிரி திட்டியதில்லை.

பேக்கப்பைத் திருப்பிப் போட்டேன். பதினொரு நிமிஷம் ஆனது. இருநூற்றுப் பதினாலு ஜோடியும் பிரிந்து, ஸ்டூல் ஸ்டூலாகவும் டம்ளர் டம்ளராகவும் ஆனார்கள். முகப்பில் அறிவிப்பு ஒட்டினேன்: ‘தொழில்நுட்பக் கோளாறால் சிறிது நேரம் சில அக்கவுண்டுகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. சரிசெய்யப்பட்டது.’ இதைவிடக் கோழைத்தனமான இரண்டு வரியை நான் எழுதியதில்லை.

மறுநாள் புதன்கிழமை. லீவு போட்டுவிட்டு டயாலிசிஸ் வார்டுக்குப் போனேன். அண்ணி மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தார். கட்டிலின் ஓரத்தில் ரெக்சின் கிழிந்த ஸ்டூல் காலியாக இருந்தது. அதில் உட்கார எனக்குத் துணிச்சல் வரவில்லை, நின்றுகொண்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்க்காமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன். அண்ணா, நான்...”

“நீ ஒண்ணும் சொல்லாத.” மெஷினுக்குப் போகிற ரத்தக் குழாயைப் பார்த்தான். “கையை எடுக்கணும்னு தோணுச்சாம்டா அவளுக்கு.”

“அது ஏதோ அலுப்புல...”

“அவ இடத்துல நான் இருந்தா எடுத்திருப்பேன்.”

மெஷின் ஏதோ சத்தம் போட்டது. நர்ஸ் வந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போனார். அவர் போகிறவரை அண்ணன் காத்திருந்தான்.

“ஊருக்கெல்லாம் தைரியம் சொல்றேன்டா நான். பக்கத்துல உக்காந்திருக்கிறவ மூஞ்சியைப் பார்க்கல. ஆறு வருஷம்.” என் பக்கம் திரும்பினான். “கேளு. நான் படிச்சேன்னு அவளுக்குத் தெரியக் கூடாது. என்கிட்ட பேச முடியாததைப் பேச அவளுக்குன்னு இருக்கறது அந்த ஒரு இடம்தான். அதையும் நான் பிடுங்கினேன்னு இருக்கக் கூடாது. அவ பாட்டுக்கு எழுதட்டும். என்ன வேணா எழுதட்டும். உனக்குப் புரியுதா?”

“புரியுது.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அண்ணி மாத்திரைப் பையோடு வந்தார். “வாங்க தம்பி, எப்ப வந்தீங்க? நிக்கறீங்களே” என்றார். வழக்கம் போலவே இருந்தது குரல். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்கடுத்த இரண்டு வாரமும் நான் செய்த ஒரே காரியம், பூட்டிய அறையின் பக்கத்தைத் திறந்து ஓரத்து ஸ்டூல் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பது. உள்ளே போய்ப் படிக்கவில்லை, பெயர் தெரிகிறதா என்று மட்டும். தெரியவில்லை. நர்சம்மாகூட விசாரித்து ஒரு வரி போட்டிருந்தார். பதில் இல்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் உள்ளறையில் படுத்திருந்தான். அண்ணி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்கிற சாக்கில் போனேன். குழாயை மூடாமலே கேட்டார்.

“சிறிது நேரம்னு போட்டிருந்தீங்களே தம்பி. எவ்வளவு நேரம்?”

நான் காதில் விழாத மாதிரி டம்ளரைத் தேடினேன்.

“அந்த ஸ்டூல் நான்தான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“தெரியும் அண்ணி. பத்து நிமிஷம்தான். உடனே கவனிச்சு மாத்திட்டேன். அண்ணன் உள்ளயே வரல. நான் பதிவேட்டைப் பார்த்தேன், வரவே இல்ல.”

அண்ணி ஒரு தட்டைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு குழாயை மூடினார்.

“எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தி நாலு வருஷம். ஒரு நாள் உங்க அண்ணன் எனக்குத் தேங்க்ஸ் சொன்னதில்ல. நான் எதிர்பார்த்ததும் இல்ல. வீட்டுல யாராவது தேங்க்ஸ் சொல்வாங்களா? ஏய் எங்க போய்த் தொலைஞ்சே, சீக்கிரம் வான்னுதான் கூப்பிடுவார். நானும் திட்டிக்கிட்டே வருவேன். இப்ப மாத்திரை குடுத்தா தேங்க்ஸ். தலகாணி மாத்திப் போட்டா தேங்க்ஸ். போர்வையை இழுத்து விட்டா தேங்க்ஸ். நேத்து, உனக்குச் சிரமம் இல்லைன்னா ஃபேனைக் கொஞ்சம் போடறியான்னு கேக்கறார். என்கிட்ட. சிரமம் இல்லைன்னா.” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை, கோபமாக இருந்தார். “எல்லாத்தையும் படிச்சிட்டார் தம்பி. நீங்க அவருக்கும் சேர்த்துப் பொய் சொல்றீங்க.”

“அண்ணி...”

“சண்டை போட்டிருந்தா பரவால்ல. தட்டைத் தூக்கி எறிஞ்சிருந்தா பொறுக்கிப் போட்டிருப்பேன். இந்த மரியாதைய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? யாரோ வீட்டுக்கு வேலைக்கு வந்த மாதிரி இருக்கு.”

உள்ளறையிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. வேலையாக இருந்தால் அவசரமில்லை, அப்புறம் வந்தால் போதும் என்று. அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கு வரை என்னால் மறக்க முடியவில்லை.

“அந்த அக்கவுண்டை அழிச்சிடுங்க. எழுதினதெல்லாம் சேர்த்து. அவர் கேட்டா நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். தெரிஞ்சா இதுக்கும் ஒரு ஸாரி சொல்வார், என்னால தாங்க முடியாது.”

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். ஓரத்து ஸ்டூல், நூற்றெண்பத்தேழு பதிவுகள். பேக்கப்பில் இருந்த நகலையும் எடுத்துவிட வேண்டும், அதுதான் நேர்மை. எடுத்தேன். ஆறு வருஷத்தில் பிசகில்லாமல் நான் முடித்த வேலை அதுவாகத்தான் இருக்கும். அழித்த பிறகு அந்த ரத்தப் பதிவின் கீழே இருந்த பதினாறு பதில்களும் யாருக்கு என்று தெரியாமல் அறையில் நின்றன. எனக்கும் தோணியிருக்கு, எனக்கும் தோணியிருக்கு. வாசலில் நான் எழுதி வைத்திருந்த வாக்குறுதியையும் எடுத்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை அண்ணியை வீட்டுக்குத் தூங்க அனுப்பிவிட்டு வார்டில் நான் இருந்தேன். அன்றைக்கு ஸ்டூலில்தான் உட்கார்ந்தேன். நாலு மணி நேரம் சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லாமல் உட்கார்ந்தால் இடுப்பு என்ன பாடு படும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு மணி நேரம் போன பிறகு அண்ணன் மெதுவாகக் கேட்டான்.

“எழுதறாளாடா?”

“யாரு?”

“நடிக்காத. எழுதறாளா?”

“எழுதறாங்க.”

“என்ன எழுதறான்னு கேக்கல. எழுதினா சரி.” பிறகு, “என்னைத் திட்டறாளா?”

“திட்டறாங்க.”

“நல்லா?”

“நல்லா.”

அண்ணன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்துப் பல வாரம் ஆகியிருந்தது. ஊசி இல்லாத கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

“திட்டட்டும்” என்றான்.